நைனா கடை ஐஸ் பெட்டி

1996 கோடை. வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நைனாவுக்குச் சின்னதாக ஒரு கடை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி நடந்த கடை. பிரெட், பிஸ்கட், பிளாஸ்க், பிளாஸ்டிக் வாளி, கோரைப்பாய், கொசுவத்தி, முன்னால் கயிற்றில் தொங்கும் வாழைத்தார். கல்கத்தாவிலிருந்து வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்கு என்னென்ன தேவையோ எல்லாம் அங்கே கிடைக்கும். நைனாவுக்கு வங்காளத்தில் நூறு வரை எண்ணத் தெரியும். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் கல்லாவில் நான் உட்காருவேன்.

அந்த வருடம் மாசி மாதம் கடைக்கு ஒரு ஐஸ் பெட்டி வந்தது. ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி கொடுத்தது. வாடகை கிடையாது, சின்ன டெபாசிட் மட்டும். கரண்டு பில் நம்முடையது. ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பெட்டிக்குள் அவர்கள் சரக்கைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. நைனா கையெழுத்துப் போட்ட காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டி வந்த அன்று எங்கள் சந்துக்கே ஒரு களை வந்த மாதிரி இருந்தது.

கொணவட்டத்திலிருந்து ஒரு பாய் சைக்கிளில் ஐஸ் போடுவார். சேமியா ஐஸ், பால் ஐஸ், மாங்காய்ப் பருவத்தில் மாங்காய் ஐஸ். விலை ஒரு ரூபாய். பெட்டி வருவதற்கு முன்பு தெர்மோகோல் டப்பாவில் வைத்து விற்போம், மத்தியானத்துக்குள் பாதி உருகிவிடும். புதுப் பெட்டியில் இடம் நிறைய காலியாக இருந்தது. நைனா ஓர் ஓரத்தில் பாய் ஐஸையும் வைத்தார். கம்பெனி ஐஸ்கிரீம் வாங்க முடிந்தவர்கள் அதை வாங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு ரூபாய் சேமியா ஐஸ் வாங்கினார்கள்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் லைன் வண்டியோடு வந்த சேல்ஸ்மேன் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னாண்ணா இது? நம்ம பெட்டில வேற சரக்கு கீது?"

"ஓரமாத்தானே கீது தம்பி. உங்க சரக்குக்கு இடம் இல்லாம போச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. மேல பார்த்தா என் வேலை போயிடும்."

அவர் நல்ல மனிதர்தான். பாய் ஐஸை அவரே எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் மறுபடி பார்த்தார்கள், மறுபடி பாய் ஐஸ் இருந்தது. அதற்கடுத்த நாள் டெம்போ வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் தரையில் நாலு துருக் கறை மட்டும் இருந்தது.

நைனா கோபப்படவில்லை. "பெட்டி அவங்களுது, எடுத்துக்குனாங்க" என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பல வருடம் பதில் இல்லை. ஒருவர் தன் பொருளைத் தருகிறார், நிபந்தனை சொல்கிறார், நாம் கையெழுத்துப் போடுகிறோம், மீறுகிறோம், அவர் எடுத்துக்கொள்கிறார். இதில் தப்பு எங்கே இருக்கிறது? ஆனால் பாய் ஐஸ் போட்டுவந்த கடைகள் ஒவ்வொன்றிலும் அதே பெட்டி வந்து, ஒவ்வொன்றாக அவருக்குக் கதவு மூடிக்கொண்டு வந்ததையும் நான் பார்த்தேன். இரண்டு வருடத்தில் அவர் ஐஸ் போடுவதை நிறுத்திவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனார்.

இப்போது நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்பில் சந்தை வகைகள் என்று ஒரு பாடம் உண்டு. நிறைவுப் போட்டி (பலர் விற்பது), முற்றுரிமை (ஒருவரே விற்பது), சில்லோர் முற்றுரிமை (ஒரு சிலர் மட்டும் விற்பது) என்று வரைபடத்தோடு நடத்துவோம். வரைகோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பிள்ளைகள் அழகாகப் போடுவார்கள். ஆனால் ஒரு முற்றுரிமையாளர் நிஜ வாழ்க்கையில் என்ன செய்தால் குற்றம், அதைக் கேட்க எங்கே போவது என்பதைப் பற்றி அந்தப் பாடத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதை நானாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி அயர்லாந்து வழக்கு ஒன்று கையில் சிக்கியது. படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து நைனா கடை ஐஸ் பெட்டி.

அயர்லாந்தில் எச்.பி. என்று ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி, யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்தது. கடைகளுக்குத் தனி வாடகை இல்லாமல் ஐஸ் பெட்டி கொடுத்தது. நிபந்தனை அதேதான், உள்ளே தங்கள் சரக்கு மட்டும். 1989-இல் மார்ஸ் கம்பெனி ஐஸ்கிரீமோடு அந்த நாட்டுக்குள் வந்தது. சரக்கு நன்றாக இருந்தும் வைக்க இடமில்லை. நாட்டில் ஏறத்தாழ 40 சதவீதக் கடைகளில் இருந்த ஒரே பெட்டி எச்.பி. பெட்டிதான். கடைக்காரர் இன்னொரு பெட்டி வைத்துக்கொள்ளலாமே என்றது கம்பெனி. எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாமே என்றது. பெட்டி எங்கள் சொத்து என்றது. நைனா சொன்னதும் அதுதானே?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1998-இல் இது சட்டத்துக்கு விரோதம் என்றது. 2003-இல் ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: காகிதத்தில் கடைக்காரருக்கு வழி இருக்கிறது. நிஜத்தில் சின்னக் கடையில் இரண்டாவது பெட்டிக்கு இடம் கிடையாது. எல்லாரும் கேட்கும் சரக்கையும் இலவசப் பெட்டியையும் விட்டுவிட்டுத் துணிகிற கடைக்காரர் அபூர்வம். ஆகையால் ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த வழி நடைமுறைக்கு உதவாத வழி. சொத்துரிமை உண்டு, ஆனால் சந்தையில் இவ்வளவு பலம் உள்ளவர் கையில் அந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. கடைசி மேல்முறையீடும் 2006-இல் தள்ளுபடியானது.

இதே விஷயத்தில் ஐரோப்பாவில் இன்னொன்றும் நடந்தது. 2005-இல் கோகோ கோலா ஐரோப்பிய ஆணையத்திடம் சில உறுதிமொழிகளைக் கொடுத்து ஒரு விசாரணையை முடித்துக்கொண்டது. அதில் ஒன்று: தாங்கள் இலவசமாகக் கொடுக்கும் குளிர்பெட்டியைத் தவிர வேறு பெட்டி இல்லாத கடைகளில், குறைந்தது 20 சதவீத இடத்தைக் கடைக்காரர் தன் விருப்பப்படி யார் சரக்குக்கும் கொடுக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சட்டம் ஒரு பெட்டிக்கடைப் பிரிட்ஜுக்குள் கையை விட்டு இடம் அளந்து கொடுக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

வகுப்பில் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மிஸ், பெரிய கம்பெனியா இருக்கிறதே தப்பா?"

தப்பில்லை. ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. நல்ல சரக்கு, நல்ல விலை, உழைப்பு, முன்யோசனை ஆகியவற்றால் ஒருவர் சந்தை முழுவதையும் பிடித்தால் அவரைத் தண்டிக்கக் கூடாது. ஓடு ஓடு என்று விரட்டிவிட்டு ஜெயித்து வந்தவன் காலை உடைப்பது நியாயமா என்ற அர்த்தத்தில் 1945-இல் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட், அல்கோவா அலுமினிய வழக்கில் எழுதினார். குற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், வந்த பிறகு ஏணியை எடுத்துவிடுவதில். ஐரோப்பிய நீதிமன்றம் 1983-இல் மிஷலின் டயர் வழக்கில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தது: ஆதிக்க நிலையில் இருப்பது குற்றச்சாட்டு ஆகாது, ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்குத் தனிப் பொறுப்பு ஒன்று வந்துவிடுகிறது. ஒரு குட்டிக் கம்பெனி ஐஸ் பெட்டி கொடுத்து "என் சரக்கு மட்டும்" என்று சொன்னால் அது வியாபாரம். ஊரில் பாதிக் கடைகளைக் கையில் வைத்திருப்பவர் அதையே சொன்னால் அடுத்தவருக்கு வாசலே இல்லாமல் போகிறது.

முற்றுரிமையைக் கட்டுப்படுத்தும் இந்தச் சட்டத்தின் பழைய கதை அமெரிக்காவில் 1890-இல் வந்த ஷெர்மன் சட்டத்திலிருந்து சொல்லப்படும். அதன் பெரிய வழக்கு ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில். அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது. எண்ணெயைவிட ரயில்தான் அவருடைய பலம் என்பேன். எங்கள் ஊரை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். மண்டி வீதியில் ஒரு பெரிய வெல்ல மண்டிக்காரர் லாரி ஆபீசில் போய், "என் மூட்டைக்கு வாடகையைக் குறை, வெளியே சொல்லாதே, பக்கத்து மண்டிக்காரன் மூட்டைக்குக் குறைக்காதே" என்று சொல்லி அதை நடத்திக்காட்டினால் என்ன ஆகும்? பக்கத்து மண்டிக்காரர் வெல்லம் நன்றாக இருந்தும் போட்டியிட முடியாமல் கடையை அவரிடமே விற்பார். ராக்பெல்லரின் வளர்ச்சியில் இந்த ரகசிய ரயில் தள்ளுபடிக்குப் பெரிய பங்கு உண்டு. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியை 34 துண்டாகப் பிரிக்கச் சொன்னது. தொலைபேசியில் ஏ.டி.அண்ட்.டி. கம்பெனி 1984-இல் பிரிந்ததும் இந்தச் சட்டத்தால்தான். மைக்ரோசாஃப்ட்டை இரண்டாகப் பிரிக்க 2000-இல் ஒரு நீதிபதி உத்தரவிட்டார், அடுத்த ஆண்டே மேல்நீதிமன்றம் அந்தப் பிரிவினையை நீக்கிவிட்டது.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதில் ஒரே மாதிரி யோசிப்பதில்லை. முற்றுரிமையாளர் அதிக விலை வைத்தார் என்பது மட்டும் அமெரிக்காவில் குற்றமாகாது. அதிக விலை பார்த்து இன்னொருவர் சந்தைக்கு வருவார், அவரைத் தடுக்காமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐரோப்பியச் சட்டத்தில் நியாயமற்ற விலையும் குற்றங்களில் ஒன்று. நம் சட்டமும் இதில் ஐரோப்பாவைப் போல. ஆனால் "நியாயமற்ற விலை" என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வாழைப்பழ வழக்கு ஒன்று இருக்கிறது. வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த வழக்கில்தான்.

சிகிடா என்ற பெயரில் வாழைப்பழம் விற்ற யுனைடெட் பிராண்ட்ஸ் கம்பெனியின் வழக்கு அது. 1978-இல் தீர்ப்பு. கம்பெனி ஐரோப்பாவின் பல நாடுகளில் வாழைப்பழச் சந்தையில் 40 முதல் 45 சதவீதம் வைத்திருந்தது. கம்பெனியின் வாதம் எளிமையானது: எங்களை வாழைப்பழத்தை மட்டும் வைத்து அளக்காதீர்கள், பழச் சந்தை முழுவதையும் பாருங்கள், ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை எல்லாம் சேர்த்தால் நாங்கள் ஒரு மூலையில் இருக்கிறோம். இந்த மாதிரி வழக்குகளில் பாதிச் சண்டை இதில்தான். எது சந்தை என்று கோடு போடுவதில். கோட்டைப் பெரிதாகப் போட்டால் எந்தப் பெரியவரும் சின்னவராகத் தெரிவார்.

நான் பிள்ளைகளிடம் கேட்டேன், வாழைப்பழம் கிடைக்கவில்லை என்றால் ஆப்பிள் வாங்கிக்கொள்ளலாம்தானே? சரி, இரண்டும் ஒரே சந்தைதானே? ஒரு பெண் எழுந்தாள். அவள் ஆயா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். "மிஸ், பல்லு இல்லாத ஆயா ஆப்பிள் எப்படித் தின்னும்?" என்றாள்.

நீதிமன்றமும் இதைத்தான் எழுதியது. வாழைப்பழம் மென்மையானது, விதை இல்லாதது, கையாளச் சுலபம், வருடம் முழுக்கக் கிடைக்கும். சின்னக் குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் என்று ஒரு பெரிய கூட்டத்துக்கு வேறு பழம் இதற்கு மாற்று ஆகாது. ஆகையால் வாழைப்பழம் தனிச் சந்தை. எங்கள் ஊரில் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறவர் கையில் என்ன இருக்கும் என்று கவனித்தவருக்கு இந்தத் தீர்ப்பு புதிதாக இருக்காது. நைனா கடையில் அந்தத் தார் முன்னால் தொங்கியதும் அதனால்தான்.

அந்த வழக்கில் இன்னொரு மனிதர் வருகிறார். டென்மார்க்கில் வாழைக்காயை வாங்கிப் பழுக்கவைத்து விற்கும் வியாபாரி, ஓலெசென் என்று கம்பெனிப் பெயர். வாழை அங்கே பச்சைக்காயாகக் கப்பலில் வரும், இந்த மாதிரி வியாபாரிகளின் அறைகளில் பழுக்கும். நம் ஊர் வாழை மண்டியில் புகை போட்டுப் பழுக்க வைப்பார்களே, அந்தத் தொழில். ஓலெசென் போட்டிக் கம்பெனியின் விளம்பர வேலையில் கலந்துகொண்டார் என்று 1973-இல் யுனைடெட் பிராண்ட்ஸ் அவருக்குச் சரக்கை நிறுத்திவிட்டது. நீண்ட நாள் வாடிக்கையாளர், ஒழுங்காக வியாபாரம் செய்தவர். அவருக்குச் சரக்கை நிறுத்தியது தவறு என்றது நீதிமன்றம். வாங்கியவர்கள் பச்சைக்காயாகவே மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் தவறு என்றது. ஆனால் விலை அநியாயமாக அதிகம் என்ற குற்றச்சாட்டு மட்டும் நிற்கவில்லை. அடக்க விலை என்ன என்று ஆணையம் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை என்று நீதிபதிகள் அந்தப் பகுதியை நீக்கினார்கள். அபராதத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள். விலை சரியா என்று அளப்பதைவிட வாசலை அடைத்தார்களா என்று பார்ப்பது நீதிமன்றத்துக்குச் சுலபம். இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நான் கண்டது இது.

நம் நாட்டுக்கு வருவோம். பொருளாதார அமைப்பு செல்வத்தை ஒரு சிலர் கையில் குவிக்கும்படி இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. 1964-இல் நீதிபதி தாஸ் குப்தா தலைமையில் முற்றுரிமை விசாரணைக் குழு அமைந்தது. 1969-இல் எம்.ஆர்.டி.பி. சட்டம், அதாவது முற்றுரிமை மற்றும் கட்டுப்பாட்டு வணிக முறைகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அளவைப் பார்த்தது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள நிறுவனங்கள் விரிவாக்கம் செய்ய அரசு அனுமதி வேண்டும். 1985-இல் அந்த வரம்பு 100 கோடியானது. நோக்கம் நல்லது. ஆனால் லைசென்ஸ் முறையோடு சேர்ந்து அது எதிர்பாராத வேலையைச் செய்தது என்று நான் நினைக்கிறேன். புதிதாக வருகிறவருக்கும் அனுமதி இல்லை என்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன வேண்டும்? ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறையைக் கேட்டால் சொல்லும்.

புதிய போட்டிச் சட்டம் பற்றி ஆராய அரசு அமைத்த ராகவன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2002-இல் போட்டிச் சட்டம் நிறைவேறியது. அதன் 4-ஆம் பிரிவு ஆதிக்க நிலையை விட்டுவிட்டு, அதைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பிடிக்கிறது. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20 அன்று. ஆறு வருடத்துக்கும் மேல்! சட்டம் புத்தகத்தில் இருந்தது, நாட்டில் இல்லை. ஆதிக்க நிலை என்றால் எத்தனை சதவீதம் என்று நம் சட்டம் எண் எதுவும் சொல்வதில்லை. போட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தன்னிஷ்டப்படி நடக்க முடிகிறதா, போட்டியாளரையும் நுகர்வோரையும் தன் பக்கம் வளைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. ஜெர்மனியில் 40 சதவீதத்தை எட்டினால் ஆதிக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் வேலை. தென்னாப்பிரிக்காவில் 45 சதவீதம் இருந்தாலே ஆதிக்கம். அந்த நாட்டுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது, சின்ன வியாபாரிகளுக்கும் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்களுக்கும் சந்தையில் நியாயமான வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று நோக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இருந்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு.

இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் செய்ததில் எனக்கு நெருக்கமானது 2014-இல் வந்த உதிரிபாக உத்தரவு. 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். காரணம், அசல் உதிரிபாகங்களையும் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தது. கார் விற்பனையில் இவர்கள் ஒருவருக்கொருவர் கடும் போட்டி. ஆனால் கார் வாங்கிய மறுநாளிலிருந்து, அந்தக் காரின் பாகத்துக்கு அந்தக் கம்பெனி ஒன்றுதான் கதி. ஒவ்வொரு கம்பெனியும் தன் கார் பாகங்களுக்குத் தானே முற்றுரிமையாளர் என்றது ஆணையம். சத்துவாச்சாரியில் என் மாமா மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். காது வைத்துக் கேட்டே இன்ஜினில் எங்கே கோளாறு என்று சொல்லுவார். புது வண்டிகள் வர ஆரம்பித்ததும் போர்டில் ஒரு விளக்கு எரியும், அது ஏன் எரிகிறது என்று படிக்கும் கருவியும் அதற்கான சாஃப்ட்வேரும் அவருக்குக் கிடைக்காது. "வண்டிய நான் திறக்கலாம், அது என்னோட பேசாது" என்பார். தொழில் தெரியாமல் அவர் பின்தங்கவில்லை.

அரசு நிறுவனங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா தன்னைத் தொடக் கூடாது என்று வாதாடியது. 2023-இல் உச்ச நீதிமன்றம், அரசு நிறுவனமானாலும் போட்டிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று தீர்ப்பளித்தது.

சீனாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021-இல் இணைய வியாபாரக் கம்பெனி அலிபாபாவுக்கு அங்கே 1,822 கோடி யுவான் அபராதம் விதித்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? தன் தளத்தில் விற்கும் வியாபாரிகளிடம், "இங்கே கடை போடு, இல்லை எதிராளியிடம் போடு, இரண்டில் ஒன்று" என்று கட்டாயப்படுத்தியது. ஐஸ் பெட்டியேதான், பெட்டி மட்டும் இல்லை. கூகுள் வழக்கும் அப்படித்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு போனை வாங்கித் திறந்ததும் எந்தத் தேடல் முன்னால் வந்து நிற்கிறது என்பது, கடைக்குள் எந்தப் பெட்டி கண் முன்னால் இருக்கிறது என்பதைப் போல. அந்த இடத்துக்காக கூகுள் ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் முற்றுரிமையாளர், அதைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரம் சொல்லும்போது கூகுளின் குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை, பிறரை அடைக்கும் தனி ஒப்பந்தங்களைத் தடை செய்தார். இந்திய ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்தில் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அபராதம் நின்றது, சில உத்தரவுகள் நீங்கின.

இதெல்லாம் வெற்றிதானே என்று தோன்றும். எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது.

முதலாவது, வாங்குகிறவரின் ஆதிக்கம். எங்கள் பள்ளியில் படிக்கும் பல பிள்ளைகளின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள். ஏஜெண்டு இலையும் தூளும் கொடுப்பார், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, தரமில்லை என்று ஒரு பங்கு கழிப்பார். அந்தத் தெருவில் வேறு ஏஜெண்டு கிடையாது. நம் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விற்பதை மட்டும் சொல்லவில்லை, வாங்கும்போது நியாயமற்ற விலையோ நிபந்தனையோ வைப்பதையும் சொல்கிறது. ஆனால் நாட்டளவில் அந்த ஏஜெண்டு யார்? ஒன்றுமில்லாதவர். சந்தை என்று கோடு போடுகிறவர்களின் பேனா அந்தத் தெருவரை வருவதில்லை. பல் இல்லாத ஆயாவுக்காக வாழைப்பழத்தைத் தனிச் சந்தையாகப் பார்த்த கண், கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வர முடியாத பெண்ணுக்காக ஒரு தெருவைத் தனிச் சந்தையாகப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, காலம். அயர்லாந்து வழக்கில் மார்ஸ் வந்தது 1989, முடிவு 2006. மார்ஸுக்குப் பரவாயில்லை, உலகம் முழுக்க வியாபாரம் இருக்கிறது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. காத்திருக்க முடிந்தவர்களின் சட்டமாகவே இது இருந்துவிடக் கூடாது. இதை உணர்ந்துதான் ஐரோப்பாவில் 2022-இல் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் கொண்டுவந்தார்கள். மிகப் பெரிய தளங்களை வாயில்காப்போர் என்று முன்கூட்டியே பெயர் குறித்து, செய்ய வேண்டியது இது, கூடாதது இது என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குற்றம் நடந்து, நிரூபித்து, மேல்முறையீடு முடிந்து என்று காத்திருக்க வேண்டாம். இந்தியாவிலும் 2024 மார்ச்சில் இதே போல ஒரு மசோதா வரைவு வெளியானது. அது ஆதரிக்க வேண்டிய ஒன்று என்பது என் கருத்து.

போன மாதம் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போனேன். அகழியோரம் நடந்துகொண்டே, இந்தப் பாடத்தை நமக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை என்று சொன்னேன். 1600-இல் இங்கிலாந்து ராணி ஒரு கம்பெனிக்குக் கிழக்கு நாடுகளோடு வியாபாரம் செய்யும் தனியுரிமை கொடுத்தார். அதே ராணி கொடுத்த சீட்டுக்கட்டுத் தனியுரிமையை அதற்கு இரண்டொரு வருடத்தில் லண்டன் நீதிமன்றம் செல்லாது என்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை மட்டும் இந்திய வியாபாரத்தில் 1813 வரை, சீன வியாபாரத்தில் 1833 வரை நீடித்தது. அந்தக் கம்பெனியின் சிப்பாய்கள் 1806-இல் எழுந்து நின்றது இந்தக் கோட்டைக்குள்தான். அதற்கு முந்தைய வருடம் சென்னை மாகாணத்தில் உப்பு முழுவதும் கம்பெனியின் தனியுரிமை ஆகியிருந்தது. சீட்டுக்கட்டுக்குக் கிடைத்த நீதி உப்புக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நைனாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. வேலப்பாடி வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் உட்காருவார். கடையை எப்போதோ கொடுத்துவிட்டோம். கோட்டைக்குப் போய்வந்த அன்றைக்கு ராத்திரி அயர்லாந்துக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். பெட்டி, நிபந்தனை, இடமில்லாத கடைகள், நீதிபதிகள் எழுதியது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தினி வருஷம் ஆச்சு கேசு முடிய?"

"பதினேழு, நைனா."

"பாய் ரெண்டு வருஷம்கூட நிக்கலையேம்மா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு கம்பெனி இருபது பர்சன்ட் இடம் உட்டுதுன்னு சொன்னியே, அது எவ்ளோ இருக்கும்? நம்ம பெட்டியில?" என்று கேட்டார்.

அந்தப் பெட்டி எவ்வளவு நீளம் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. திண்ணை மேல் இரண்டு கையையும் விரித்துப் பெட்டியின் நீளத்தைக் காட்டினார். பிறகு வலது கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையை மெல்ல நகர்த்தி வந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தினார். ஒரு முழத்துக்கும் குறைவாக இருந்தது.

"பாய்க்கு இவ்ளோ போதுமே" என்றார்.